ராதாபுரத்து ஆட்டின் ரத்தம்

நீலாம்பாளுக்கு வித்யாலக்ஷ்மியைப் பிடிக்காமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதற்கு முன்னால் பிடித்துத்தான் இருந்தது.

திருநெல்வேலிக் கால்நடை ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினொரு வருஷமாகக் கன்னி இனத்து ஆடுகளின் பின்னால் அலைந்தவள் நீலாம்பாள். சில ஆடுகள் மட்டும் ஈத்துக்கு ஈத்து மூன்று குட்டி போடுகின்றன. அந்தக் குணம் தாயிடமிருந்து மகளுக்கு எப்படி இறங்குகிறது என்பதுதான் அவள் கேள்வி. ராதாபுரத்து வெயிலில் ஆட்டுக்கிடை ஒவ்வொன்றாகப் போய் ரத்தம் எடுத்து, சந்தேகப்பட்ட மரபணுக்களையெல்லாம் எழுத்தெழுத்தாகப் படித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

வித்யா வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவள், மரபணுவில் மாற்றமே இல்லை, அதை வேலை செய்ய விடும் சுவிட்ச் வெகுதூரம் தள்ளி இருக்கிறது, மாற்றம் அங்கேதான் என்று திரையில் காட்டினாள். இயக்குநர் சிவசங்கரன் எழுந்து நின்று கைதட்டினார். நீலாம்பாளும் தட்டினாள். தட்டிக்கொண்டே அதில் தப்பு எங்கே என்று தேடினாள்.

ஒரே தாய்க்குப் பிறந்த மகள் ஆடுகளில் அந்த மாற்றம் இருந்தது. தாயிடமும் இருந்தால்தான் வழிவழியாக வருவது உறுதியாகும். ராதாபுரத்தில் சங்கிலிபூதத்தான் என்பவர் கிடையில் நின்ற அந்தத் தாய் செத்து மூன்று வருஷம். முன்பு எடுத்துவைத்த அதன் ரத்தம் உண்டா என்று வித்யா கேட்டாள். ஊரில் வெள்ளம் வந்த அன்று கரண்டு போனதில் கெட்டுவிட்டது என்றாள் நீலாம்பாள். ரத்தம் இருந்த குழாய் உறைபெட்டியின் அடித்தட்டில் பத்திரமாக இருந்தது.

வித்யா நம்பினாள். ராதாபுரத்துக்கு பஸ் ஏறிப் போய், செத்த ஆட்டின் உடன்பிறப்பு ஏதாவது மிச்சமுண்டா என்று மூன்று நாள் தேடி வெறுங்கையோடு திரும்பினாள்.

அதற்குள் நீலாம்பாள் அந்த ரத்தத்தைத் தானே சோதனைக்குப் போட்டிருந்தாள். மாற்றம் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். கூட்டத்தில் எழுந்து என்ன பேசுவது என்பதைக்கூட ஒத்திகை பார்த்துவிட்டாள்.

முடிவு வந்தது. வித்யா சொன்ன அதே இடத்தில் மாற்றம் இருந்தது. மூன்று தடவை சரிபார்த்தாள்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பதினொரு வருஷக் கேள்விக்கு விடை தன் மேஜைக்குள் கிடக்க, சொல்ல ஆளில்லாமல் அதையே எடுத்து எடுத்துப் படித்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் வித்யா சாப்பிடும் இடத்துக்கே போய்ச் சோதனை முடிவுக் காகிதத்தை வைத்தாள்.

"ரத்தம் கெட்டுப்போகல. ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

வித்யா நெடுநேரம் படித்தாள். பிறகு எதற்காகச் சோதித்தீர்கள் என்று கேட்டாள்.

"நீ சொன்னது தப்புன்னு காட்டத்தான்."

வித்யாவின் முகம் சிவந்தது. டப்பாவை மூடினாள். ராதாபுரத்தில் நடந்து காலெல்லாம் கொப்புளம் என்று மட்டும் முதலில் சொன்னாள்.

"தப்பா இருக்கணும்னு நினைச்ச உங்க கையிலேயே சரியா வந்திருக்கு. இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்க்கா. கட்டுரையில இந்தப் பகுதியை நீங்களே எழுதுங்க."

நீலாம்பாள் எழுதினாள். இயக்குநரிடமும் தான் செய்ததைச் சொல்லிவிட்டாள். அவர் ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. கட்டுரை வந்தபோது வித்யா பெயர் முதலில், அவள் பெயர் இரண்டாவது. அதைப் பார்க்கப் பார்க்க அந்தச் செவ்வாய்க்கிழமைப் பொறாமை திரும்பி வந்தது.

ஆட்டுக்காரர் சங்கிலிபூதத்தானுக்குத் தகவல் சொல்லப் போன் போட்டாள். மூன்று குட்டிக்கான காரணத்தைக் கண்டுபிடித்தது யார் என்று அவர் கேட்டார்.

மேஜைமேல் கிடந்த கட்டுரையில் முதல் பெயரைப் பார்த்தாள்.

"வித்யான்னு ஒரு பிள்ளை, அண்ணாச்சி," என்றாள்.