வறுத்த தவிடு

சௌடோக் ஊரில் ஹௌ ஆற்றின் மேல் எங்கள் மிதவை வீடு. கூடத்தின் நடுவே பலகையைத் தூக்கினால் கீழே கெளுத்தி மீன்கள் வாயைப் பிளந்து நிற்கும். வீட்டுக்கடியில் தண்ணீருக்குள் இரண்டு மீன் கூண்டுகள். ஒன்று என் கணவரின் அண்ணன் கியெட்டுடையது, மற்றது எங்களுடையது. சில வருஷங்களுக்கு முன் கணவர் கொரியாவுக்குக் கப்பல் வேலைக்குப் போனதும், எங்கள் கூண்டுக்கும் தானே எஜமான் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது: இந்த அறுவடை வரை கூண்டு என் கையில், மீன் தேறாவிட்டால் அவர் கைக்குப் போய்விடும்.

சண்டையே கொழுப்பைப் பற்றித்தான். தீவனத்தில் கடைசி நாள்வரை மீன் எண்ணெயை ஊற்றினால்தான் சதை மினுங்கும் என்பது இந்த ஆற்றில் எல்லோருக்கும் வேதவாக்கு. பீப்பாயைத் தகரக் கூரைக்கடியில் மாதக்கணக்கில் வேகவிடுவார்கள். அது சிக்கு வாடை அடிப்பது அவர்கள் மூக்குக்கு மட்டும் தெரியாது. நான் பீப்பாயைத் தொடவில்லை. தீவனத்தில் சேர்க்கிற தவிட்டிலேயே எண்ணெய் உண்டு. ஆனால் சும்மா வைத்தால் நாலு நாளில் அதுவும் கெட்டுவிடும். அதனால் அரிசி ஆலையிலிருந்து சூடு ஆறுமுன் கொண்டுவந்து, அன்றே பெரிய இரும்புச் சட்டியில் வறுத்துவிடுவேன். பிறகுதான் குருணையோடும் பொடிமீனோடும் வேகவைப்பது.

அண்ணனுக்கு இது போதாதா? படகில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டுவார்.

"பாருங்க, என் தம்பி பொண்டாட்டி மீனுக்குப் பலகாரம் பண்றா. அடுத்து டீயும் போட்டுக் குடுப்பா."

"உங்க மீன் விரதம் இருக்கறதுக்கு இது மேல், அண்ணே," என்றேன். அந்த வாரம் அவர் மீன்கள் தீவனத்தைப் பாதியில் விட்டுப் போனது உண்மை.

அறுவடைக்குக் கொள்முதல்காரி ஹான் வந்தாள். அவளுக்குத் தராசைவிட மூக்குதான் முக்கியம். இரண்டு கூண்டு மீனிலும் ஒவ்வொரு துண்டை எங்கள் அடுப்பிலேயே, உப்புகூடப் போடாமல், ஆவியில் வேகவைத்தாள். வாடை இருந்தால் அந்தக் கூண்டு மீன் மொத்தத்தையும் வாங்கமாட்டாள். நான் அடுப்புத் தீயைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணனின் துண்டு பளபளவென்றுதான் இருந்தது. ஹான் ஒரு வாய் வைத்து, ஆற்றில் துப்பினாள். எண்ணெயை நிறுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கூப்பிடச் சொன்னாள்.

என் துண்டை முகர்ந்தாள், தின்றாள். இன்னொரு விள்ளல் எடுத்தாள். பிறகு மிச்சத்தையும் தின்று தீர்த்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கூடம் அதிரக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

மாலைவரை கூடை கூடையாக என் மீன் படகேறியது. அக்கம்பக்கத்து மிதவைக்காரர்கள் எல்லாம் வந்து நின்று பார்த்தார்கள். கிளம்புமுன் ஹான் கொள்முதல் சீட்டை எடுத்து, யார் பெயர் எழுதுவது என்று வழக்கம்போல் அண்ணனைக் கேட்டாள். இத்தனை வருஷமும் இரண்டு கூண்டுக்கும் தன் பெயரையே சொன்னவர், காலியான என் கூண்டை எட்டிப் பார்த்தார்.

"லியென்னு எழுதுங்க," என்றார். "கூண்டு அவளோடது."

அவர் வாயில் என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. ஹான் எழுதுகிற ஒவ்வொரு எழுத்தையும் நிமிர்ந்து நின்று பார்த்தேன்.