சோதனைக்கு ஒரு பெயர்

கம்ப்யூட்டரிடம் கோபித்துப் பயனில்லை என்று ஜாஹித்துக்குத் தெரியும். தெரிந்தும் அன்று மதிய லுஹர் தொழுகைக்கு முன்பே அதை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டான். அவன் மேசையில் ஒழுங்காக வேலை செய்த வெப் சர்வீஸ், வெளியே இன்டர்நெட்டில் ஏற்றியதும் வாயை மூடிக்கொண்டது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நாகூரில் அவன் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சபராளி. துபாய், சவூதி, மலேசியா என்று பிழைக்கப் போனவர்கள். தெருவில் மவுத், அதாவது சாவு, என்றால் பள்ளிவாசல் மைக் சொல்லிவிடும். மைக் சத்தம் கடல் தாண்டுமா? பள்ளிவாசல் ஆபீசில் இறந்தவர் பெயரைத் தட்டினால் வெளிநாட்டில் இருக்கும் தெருக்காரர்கள் எல்லார் போனுக்கும் மெசேஜ் போக வேண்டும் என்று ஜமாஅத்தில் கேட்டார்கள். திருத்துறைப்பூண்டி ரைஸ்மில்லுக்கு வெப்சைட் செய்து கொடுத்த பிள்ளைக்கு இது ஒரு காரியமா என்று நினைத்தார்கள். அவனும் நினைத்தான், பாவம்.

அன்று காலையில் வெப் சர்வீஸை எழுதி முடித்தான்; வெளியே ஏற்றி பப்ளிஷ் செய்வதுதான் பாக்கி. இரண்டு செட்டிங் ஃபைல்கள் வைத்திருந்தான். சோதனை ஃபைலில் அவன் நம்பர் மட்டும். அசல் ஃபைலில் சபராளிகளின் நம்பர்கள் மட்டும். எது வேண்டும் என்று திரையில் ஒரு கட்டம் கேட்டது. சோதனை என்று தேர்ந்தெடுத்து ஏற்றினான்.

அடுத்து ஒரு பெயர் வேண்டும். அங்கேதான் கை நின்றது. உயிரோடு இருக்கிறவர் பெயரை மவுத் செய்தியில் போட யாருக்குக் கை வரும்? சின்ன வயதில் மண்ணெண்ணெய்ப் புனலை மைக்காகப் பிடித்து, "அப்சர் மவுத்து" என்று விளையாட்டாகக் கூவியதற்கு உம்மா விட்ட அறையை அவனும் மறக்கவில்லை, நானா என்று அவன் கூப்பிடும் அண்ணன் அப்சரும் மறக்கவில்லை. அதனால் சஃபியா பீவி என்று அடித்தான். உம்மாவின் பெயர். உம்மா போன மாதம் மவுத்தாகியிருந்தார்.

அது அப்சருக்கு மட்டும் தெரியாது. சவூதியில் ஆட்டுப் பண்ணை ஒன்றில் லாரி ஓட்டுகிறான்; பாஸ்போர்ட் முதலாளியிடம். வர வழியில்லாதவனுக்கு அழ மட்டும் ஏன் வழி காட்ட வேண்டும், லீவில் வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று குடும்பம் முடிவு செய்தது. இது ஊரில் நடப்பதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு தெருவே கூடி உட்கார்ந்தது. அவன் போன் செய்யும்போதெல்லாம் உம்மா தூங்கினார், குளித்தார், பக்கத்து வீட்டுக்குப் போனார்.

ஜாஹித் பட்டனை அழுத்தினான். அவன் போன் சும்மா கிடந்தது. மறுபடி அழுத்தினான். இன்னொரு முறையும். கம்ப்யூட்டரைத் திட்டித் தீர்த்தது அப்போதுதான்.

சாப்பாட்டோடு வந்த மனைவி நிலோஃபர் வாசலிலேயே நின்றாள். "மச்சான், துபாய்லேர்ந்து என் தம்பி போன் பண்ணான். மாமி மவுத்த ஏன் இப்ப திரும்பத் திரும்ப அனுப்புறீங்கன்னு கேக்குறான்."

"நான் சோதனைன்னுதானே போட்டேன்?"

"என்னையக் கேட்டா?"

கட்டத்தில் தேர்ந்தெடுத்தது அவன் மேசைக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். வெளியே ஏறிய சர்வீஸ் அசல் ஃபைலைத்தான் எடுத்துக்கொண்டது. இது அவன் மண்டையில் ஏறுவதற்குள் போன் அடித்தது. அப்சர்.

"ஜாஹித்து, உம்மா பேருல மூணு மெசேஜ் வந்துருக்கு. என்னடா இது?"

டெஸ்ட்டுன்னு சொல்லுங்க என்று நிலோஃபர் வாயசைத்தாள்.

"அது டெஸ்ட்டு, நானா. ஜமாஅத்துக்கு ஒரு சர்வீஸ் பண்றேன். செட்டிங் மாறி ஒங்களுக்கு வந்துருச்சு."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அவனைக் குழப்பியது. உண்மையை மட்டும் சொல்லிக்கூட அண்ணனை இப்படி ஏமாற்ற முடியுமா? தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அந்தப் பக்கம் ஆடுகள் கத்தின.

"டெஸ்ட்டா? செரி, உம்மாகிட்ட குடு."

"உம்மா..." தூங்குகிறாரா, குளிக்கிறாரா, இந்த நேரத்துக்கு எது பொருந்தும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஜாஹித்து," அப்சரின் குரல் இறங்கியது. "உசுரோட இருக்குறவங்க பேர நீ போட மாட்டியேடா."

நிலோஃபர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்படா?"

"போன மாசம், நானா. மொத வெள்ளிக்கெழம."

"அன்னைக்கு நான் போன் பண்ணேனே. குளிக்கிறாங்கன்னு சொன்னியே."

"ஆமா நானா," என்றான் ஜாஹித். "அப்பத்தான் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தாங்க."