கியூவுக்குப் பின்னால் யூ வராத சொற்கள்

மாத்தளையில் ஆங்கிலம் என்றால் சபாரத்தினம்தான். அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுதுவினைஞராக இருந்த அவர் எழுதிய லீவுக் கடிதத்தை வாசித்த மேலதிகாரி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார் என்பார்கள். ஐந்து நாள் என்பவர்களும் உண்டு. நாம் ஏழென்றே வைத்துக்கொள்வோம்.

உத்தியோகத்தர் கழகத்தில் வருடாவருடம் ஸ்கிரபிள் போட்டி நடக்கும். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கிற ஆட்டம். பத்து வருடமாகக் கிண்ணம் சபாரத்தினத்தின் அலுமாரியில்தான் குடியிருந்தது. தொண்ணூற்றேழாம் ஆண்டிலும் வென்றுவிட்டால் பெயர் பொறித்து அவருக்கே கொடுத்துவிடுவதாகத் தீர்மானம்.

அவருடைய பலம் குட்டிச் சொற்கள். அதிலும் கியூ. பத்துப் புள்ளி பெறுமதியான அந்தக் கட்டை கைக்கு வந்தால் மற்றவர்களுக்கு வியர்த்துவிடும். பக்கத்தில் ஒரு யூ இல்லாமல் அது இலேசில் அசையாது. சபாரத்தினமோ யூ வேண்டாத கியூச் சொற்களை அகராதியில் பொறுக்கி ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். சொல் மட்டும்தான். கருத்து கிடையாது.

"கருத்துக்கு யாருங்க புள்ளி தர்றாங்க?" என்பார்.

ஒரேயொரு சொல்லின் கருத்து மட்டும், அகராதியில் பக்கத்தில் படம் போட்டிருந்த பாவத்துக்காக, மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. கனாத்: நிலத்துக்கடியில் வெட்டிய நீர்ச்சுரங்கம்.

அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிராக வந்தவர், ஊரார் அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்று கூப்பிடும் மிளகு வியாபாரி இத்ரூஸ். படித்தது எட்டாம் வகுப்பு. கழகத்துக்குக் கெரம் விளையாட வந்தவர், பக்கத்து மேசையைப் பார்த்துப் பார்த்தே ஸ்கிரபிளும் பழகிவிட்டார். இதைச் சபாரத்தினம் ஆங்கில மொழிக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார்.

போட்டி சனிக்கிழமை. நாட்டில் யுத்தம் நடந்த காலம்; செவ்வாய்க்கிழமை காலை, இரத்தோட்டையிலிருந்து வந்த பஸ்ஸை வழமைபோலக் காவலரணில் நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, அந்தப் பக்கம் நடந்துபோய் ஏற வேண்டும். சபாரத்தினத்தின் சட்டைப் பையிலிருந்து அட்டையோடு கொப்பியும் வெளியே வந்தது.

சப் இன்ஸ்பெக்டர் புரட்டிப் பார்த்தார். அவரும் ஆங்கிலம் படித்தவர். கியூவுக்குப் பின்னால் யூ வரும் என்று பிரம்பால் படிப்பித்த ஆசிரியரை அவருடைய முதுகு இன்னும் மறக்கவில்லை.

"இது என்ன பாஷை?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இங்கிலீஷ், சேர்."

"யூவ எங்க காணோம்?"

"இதுக்கெல்லாம் தேவையில்ல, சேர்."

"வாசிங்க பார்ப்போம்."

சபாரத்தினம் தொண்டையைச் செருமி, லண்டனுக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். "குவாடி. ஃபேகர். டாலக். சக்."

"கருத்து?"

பத்து வருடமாக யாரையும் கேட்க விடாத கேள்வி. "தெரியாது, சேர்." தெரிந்த ஒன்றையும் அவர் சொல்லவில்லை. சுரங்கம் தேடுகிற மனிதரிடம் போய்ச் சுரங்கம் என்று சொல்வதற்குப் பதில் இரண்டு கையையும் சேர்த்து நீட்டிவிடலாம்.

"தெரியாத சொல்ல எதுக்கு எழுதி வச்சிருக்கீங்க?"

"விளையாட."

உலகத்திலேயே நம்ப முடியாத பொய் அந்த உண்மைதான். "அங்க இருங்க. பின்னேரம் லொறி வரும். மேலிடத்துல விசாரிக்கட்டும்."

சபாரத்தினம் ஓரத்திலிருந்த மர வாங்கில் உட்கார்ந்தார். லொறியில் போனவர்கள் சனிக்கிழமைக்குள் திரும்பியதாகச் சரித்திரமில்லை. போட்டிக்கு வராதவர் தோற்றவர் என்ற விதியைத் தட்டச்சு செய்தவரும் அவரேதான். உயிரை நினைத்து ஒரு சொட்டும் கிண்ணத்தை நினைத்து ஒரு வாளியும் வியர்த்தது.

அதே பஸ்ஸில் வந்த இத்ரூஸ், ஏறப் போனவர் திரும்பி வந்தார்.

"என்ன மாத்தயா, எங்க ஐயாவ இருத்தி வச்சிருக்கீங்க?"

கொப்பியை அவர் மூக்கருகே நீட்டினார்கள். இத்ரூஸ் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இது காதியார், மாத்தயா! எங்க ஆளுகளுக்குக் கலியாண வழக்குப் பேசுறவர். இது பக்கீர். இது சூக்கு, சந்தை. யட்டவத்தயில கூடுதே, அந்த மாதிரி. இது தலாக். இதுக்குக் கருத்துத் தெரியாம ஐயா இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினது அவர் செஞ்ச புண்ணியம்."

"இதெல்லாம் அரபு. இவர் இங்கிலீஷ்னு சொல்றாரே?"

"வெள்ளக்காரன் எடுத்துக்கிட்டுப் போயிட்டான், மாத்தயா. மிளகையும் கறுவாவையும் மட்டும் விட்டுவச்சானா?"

சப் இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பெரிய பதிவுப் புத்தகத்தை விரித்துச் சொல்லும் கருத்துமாக எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் விரல் ஓரிடத்தில் நின்றது.

"கனாத்?"

சபாரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். இத்ரூசுக்குத் தெரியாது என்பது அவர் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்ததிலேயே தெரிந்தது.

"அது... தின்ற சாமான், மாத்தயா. பெருநாளைக்குச் செய்வாங்க. மஸ்கட் அல்வா மாதிரி, கொஞ்சம் மெதுவா இருக்கும். என் பொஞ்சாதி மஸூதா செஞ்சா கையெல்லாம் நெய் வழியும்."

அதுவும் புத்தகத்தில் ஏறியது. சபாரத்தினம் ஒவ்வொரு கருத்தையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு லொறிக்குத் தப்பினார். மறுநாள் இத்ரூஸ் ஒரு தட்டு இனிப்பைக் கொண்டுபோய்க் காவலரணில் கொடுத்தார். வியாழக்கிழமையிலிருந்து அந்த வளைவில் பஸ் நிற்கும்போதெல்லாம் காவல்காரர்கள், "கனாத் எங்கே?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

நன்றி சொல்லச் சபாரத்தினத்துக்கு வாய் வரவில்லை. அதற்குள் வெள்ளிக்கிழமை கழகம் கூடி, "நாட்டு நிலைமையைக் கருதி, சொல் வைப்பவர் கருத்தும் சொல்ல வேண்டும்" என்று தீர்மானித்தது. முன்மொழிந்தவர் இத்ரூஸ். இறுதி ஆட்டத்துக்குப் பிரதம விருந்தினரை அழைத்தவரும் அவரே.

சனிக்கிழமை மாலை, மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் சப் இன்ஸ்பெக்டர். மடியில் மஸூதா செய்த இனிப்புத் தட்டு. பலகையில் சபாரத்தினம் இருபது புள்ளி பின்னால். கையில் கடைசி நாலு கட்டை: ஒரு கியூ, இரண்டு ஏ, ஒரு டி. பலகையில் தனியாகக் கிடந்த 'என்' என்ற ஆங்கில எழுத்து அவரைப் பார்த்துக் கண்ணடித்தது. அதைச் சுற்றி நாலையும் வைத்தார்: கனாத். சொல்லின் புள்ளியை இரட்டிக்கிற கட்டம். இருபத்தெட்டு!

சபை எழும்பி நின்றது. நடுவர் லெட்சுமணன், நகரத்து நூலகர், கையை உயர்த்தினார்.

"கருத்துச் சொல்லுங்க, ஐயா."

நீர்ச்சுரங்கம் என்று வாய் திறந்த சபாரத்தினம் முன்வரிசையைப் பார்த்தார். தன் கையெழுத்தை நினைத்தார். அகராதியைப் பார்த்தார். கிண்ணத்தையும் பார்த்தார்.

"பெருநாளைக்குச் செய்ற இனிப்பு" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

லெட்சுமணன் அகராதியைப் புரட்டினார். முகம் மாறியது. "இதுல வேற மாதிரி இருக்கே..."

"என்ன வேற மாதிரி?" பிரதம விருந்தினர் தட்டைத் தூக்கிக் காட்டினார். "நான் தின்னுக்கிட்டிருக்கேன். அந்தப் புத்தகம் தின்னுச்சா?"

லெட்சுமணன் அவர் இடுப்பிலிருந்த துவக்கைப் பார்த்தார். அகராதியைப் பூப்போல மூடினார். "சரிதான். இருபத்தெட்டு."

கைதட்டலில் கழகத்தின் கூரைத் தகரம் இரண்டு கழன்று பல்லேபொலப் பக்கம் போய் விழுந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தப்பான கருத்துச் சொன்ன சபாரத்தினம், அதற்காகவே கிண்ணத்தை வாங்கிக்கொண்டு இறங்கினார். வாசலில் இத்ரூஸ் இன்னொரு இனிப்புத் தட்டோடு நின்றார்.

"ஐயா, எனக்கு மட்டும் சொல்லுங்க. உண்மையில அதுக்கு என்ன கருத்து?"

சபாரத்தினம் கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். விரலிடுக்கில் நெய் வழிந்தது.

"மஸூதா செய்றதுதான், நானா. வேற என்ன?"