நாய் ஓட்டிய வேன்

பனிக்காலத்தில் பிளாக் புரூக் பள்ளத்தாக்கு ரோட்டில் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவன் ஹெக்டர் மெக்கின்னன். கேப் பிரெட்டன் தீவிலேயே தன்னைப் போல வண்டி ஓட்ட ஆளில்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. யாராவது பள்ளத்தில் இறங்கிவிட்டால் சங்கிலி கட்டி இழுத்துக் கொடுப்பான், இழுக்கும்போதே, "ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குடா லைசன்ஸ்?" என்று ஒரு பாட்டம் திட்டியும் தீர்ப்பான்.

அந்த வாயை வைத்துக்கொண்டுதான் வசந்தம் முழுக்க ஊரார் காதைத் துளைத்து எடுத்தான். ஜப்பானிலிருந்து வேன் வருது, டீசல், நாலு சக்கரமும் இழுக்கும், மலையே ஏறும். அந்தத் தீவில் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும்; இந்த வேனில் அது வலப்பக்கம் என்பதை மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் மாதா கோயில் ஹாலில் சீட்டாடுகிற கூட்டம் அவனைப் பிய்த்துத் தின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வேனை வாங்கிக்கொண்டு தனியாகத்தான் திரும்பினான். தனியாக என்றால், பக்கத்து இருக்கையில் மேஜர் இருந்தான். கன்றுக்குட்டி அளவு பழுப்பு நாய். அந்த ஊரில் வேறு எந்த வண்டியிலும் ஓட்டுகிறவன் உட்காருகிற இடப்பக்க இடத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடியே வந்தான்.

பெரிய சாலையில் ஹெக்டர் சமாளித்துவிட்டான். பள்ளத்தாக்கின் குறுகிய ரோட்டில்தான் பழைய பழக்கம் காலை வாரிவிட்டது. எப்போதும் ரோட்டின் நடுக்கோட்டை ஒட்டி உட்கார்ந்து பழகிய உடம்பு. இப்போது ஓரத்துப் புல்லை ஒட்டி உட்கார்ந்திருந்தது. உடம்பு தன் இடத்தைத் தேடியது. தேடத் தேட வேன் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்ந்தது. வளைவில் திரும்பினால் எதிரே கிழவி எஃபி கில்லிஸின் சின்ன நீலக் கார். நாசமாய்ப் போக, வேன் முழுக்க ரோட்டில் அவள் வர வேண்டிய பக்கத்தில் இருந்தது!

விளக்கை அடிக்க நினைத்து ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த குச்சியைத் தட்டினான். அதுவும் இடம் மாறித்தான் இருந்தது. வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் வைப்பர் இரண்டும் சரக் சரக்கென்று ஆடின. எஃபி காரை ஒடித்துப் புதருக்குள் விட்டாள்.

ஹெக்டர் கண்ணாடியில் பார்த்தான். கார் கதவு திறந்தது. கிழவி இறங்கி நின்றாள். சரி, நிற்கிறாள், அடி ஒன்றும் இல்லை. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும் என்பதும் தெரிந்தது. கால் பிரேக்குக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய் வேனைக் கொட்டகைக்குள் விட்டு, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினான்.

சீட்டாட்ட நாளன்று எஃபி ஹாலில் அதைச் சொன்னாள். எண்பதைத் தாண்டியவள், பொய் சொல்லத் தெரியாதவள். பார்த்ததை அப்படியே சொன்னாள்.

"வேன் என் பக்கம் நேரா வந்துச்சு. ஓட்டினது ஒரு நாய், வெயில் பளபளப்புல அதோட தலையும் நெஞ்சும்தான் தெரிஞ்சுது. ஸ்டியரிங்ல கையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெயில்ல வைப்பர் வேற ஓடுது."

கூட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. பிறகு ஆர்ச்சி, அந்த மேசையின் வாயாடி, சீட்டைக் கீழே வைத்தான். "ஏன் எஃபிம்மா, ஹார்ன் அடிச்சுதா, இல்ல குரைச்சுதா?"

ஹாலே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. "லைசன்ஸ் காட்டச் சொன்னீங்களா?" என்றது இன்னொரு குரல். எஃபியும் சிரிக்கப் பார்த்தாள், முகம் ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து ஹெக்டரிடம் நின்றாள். அவன் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து, எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான்.

"உன் வேன் எங்கடா?" என்று ஆர்ச்சி கேட்டபோது, "கப்பல் தாமதம்" என்றான்.

வேன் கைக்குப் பழகட்டும், பழகினதும் சொல்லிவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். விடியற்காலையில் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் வயலில் ஓட்டிப் பழகினான். முதலில் தினமும் தப்பான கதவைத் திறந்து மேஜரின் மடியில் உட்காரப் போனான். நடுக்கோடு எங்கே வரும் என்று தெரிய முன்கண்ணாடியில் நாடா ஒட்டினான். உடம்பு மெல்ல மெல்லப் புது இடத்துக்குப் பழகியது. வேனும் கையில் வெண்ணெய் மாதிரி வந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

அதற்குள் ஹாலிஃபாக்ஸில் இருக்கும் எஃபியின் மகள் ரோடாவுக்குச் செய்தி போய்விட்டது. அம்மா கண்ணுக்கு நாய் வண்டி ஓட்டுவது தெரிகிறதாம். டாக்டர் பார்த்தார், பேசினார், உதட்டைப் பிதுக்கினார். ரோட்டின் கடைசி வீடு எஃபியுடையது. கார் இல்லாமல் ஒரு பால் பாக்கெட்கூட வாங்க முடியாது. நகரத்து முதியோர் இல்லத்தில் ரோடா இடம் பார்த்துவிட்டாள்.

ஹெக்டர் தன் பழைய பிக்கப் வண்டியில் மளிகை சாமான் கொண்டுபோய்க் கொடுத்தான். மனசு கேட்கவில்லை, அதனால்தான். எஃபி டீ போட்டு, ஓட்ஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள்.

"கார் சாவியை நானே குடுத்துட்டேன் ஹெக்டர்," என்றாள். "ரோடா கேக்கறதுக்கு முன்னாடியே. இல்லாததெல்லாம் என் கண்ணுக்குத் தெரியுதுன்னா, நாளைக்கு ஒரு குழந்தை குறுக்க வரும், அது தெரியாமப் போகும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

அவன் ரொட்டியைத் தட்டில் திரும்ப வைத்தான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"நீ நல்லவன்டா," என்றாள் அவள். "இவ்வளவு தூரம் யாரு வர்றா?"

அன்று ராத்திரி அவன் படுத்தான், தூங்கவில்லை. அம்மாவின் சாமானைக் கட்ட ரோடா அட்டைப்பெட்டிகளோடு வருகிற நாள் காலையில் தார்ப்பாயை இழுத்துப் போட்டான். மேஜர் குதித்து ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

வழியெல்லாம் நடுக்கோட்டைத் தொடாமல் ஓட்டினான். எஃபி தன் வாசலில் பூத்தொட்டிகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வேன் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். வெள்ளை வேன். கண்ணாடிக்குப் பின்னால் நாய்.

அவள் கத்தவில்லை. தொட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "இல்ல, இல்ல. அங்க ஒண்ணும் இல்ல," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹெக்டருக்கு உயிரே போய்விட்டது. வலப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

"எஃபிம்மா, நான்தான். கண்ணைத் தொறங்க. இருக்கு. நாய் இருக்கு, வேன் இருக்கு. தொட்டுப் பாருங்க."

அவள் விரல் இடுக்கு வழியாக அவனைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள். மெதுவாக நடந்து போய் இடப்பக்கக் கதவைத் திறந்தாள். மேஜர் வாலை ஆட்டி நகர்ந்து இடம் கொடுத்தான். ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டித் தடவினாள். ஒன்றும் இல்லை. பிறகு வலப்பக்கம் திரும்பி, அங்கே இருந்த ஸ்டியரிங்கை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ நான் சரியாத்தான் பாத்திருக்கேன்," என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கோபப்படுவாள் என்று நினைத்திருந்தான். அவளோ சந்தோஷப்பட்டாள். அதைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். "நான் புதர்ல நின்னதப் பாத்தியா?"

"கண்ணாடியில பாத்தேன்."

"ஹால்ல நான் உன்னத்தான் பாத்தேன். நீயாவது சிரிக்க மாட்டேன்னு."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

ரோடாவின் கார் வளைவில் திரும்பி வாசலில் நின்றது. பின் இருக்கை நிறைய மடித்த அட்டைப்பெட்டிகள். இறங்கி, வேனில் அம்மா நாயோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்களே சொல்லுங்க எஃபிம்மா," என்றான் ஹெக்டர் கெஞ்சலாக. "நான் பக்கத்துல நிக்கறேன்."

"நான் சொன்னா நம்ப மாட்டா. போ, நீ போய்ச் சொல்லு."

அவன் நடந்தான். நாலடி வைப்பதற்குள் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"சிரிச்சதையும் சொல்லு."