தபசு மரத்து எலுமிச்சை

“அவுத்துக் கீழ போடுடி அத! முந்தானைய வெட்டி எறிஞ்சாலும் பரவால்ல!”

வாசலில் நின்று கத்தினாள் வெள்ளையம்மாள். மருமகள் கிருஷ்ணவேணி முந்தானை முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிச்சுக்குள் ஓர் எலுமிச்சம்பழம். விடியற்காலையில் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளி, “ஜல்தி போ, முன்னால போய் ஏந்து” என்று அதைப் பிடிக்க வைத்தவளும் இதே மாமியார்தான்.

வல்லத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா என்றாலே அர்ச்சுனன் தபசுதான். நட்டு வைத்த பனைமரத்தின் உச்சிக்கு அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். பிள்ளையில்லாத பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தைச் சுற்றி விழுந்து கிடப்பார்கள். மேலேயிருந்து அவர் எறியும் பழத்தை ஏந்தித் தின்றால் வயிறு திறக்கும் என்பது நம்பிக்கை.

கிருஷ்ணவேணிக்குக் கலியாணமாகி ஏழு வருஷம். டாக்டரிடம் போகலாம் என்றால் புருஷன் சீனுவாசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். குறை யாரிடம் என்று தெரிந்துவிடுமே! தை மாதத்துக்குள் ஒன்றும் தங்காவிட்டால் பனமலை ஊரிலிருந்து ஒரு பெண்ணை இரண்டாவதாகக் கட்டுவது என்று தாயும் மகனும் பேசி முடித்துவிட்டார்கள். அவள் காதுபடத்தான் பேசினார்கள்.

இந்த வருஷத்து அர்ச்சுனன் பாடிய பாட்டில் ஊரே அழுதது. அவன் இறங்கி வந்ததும் வெள்ளையம்மாள் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்து, திருநீறு வாங்கி மருமகள் நெற்றியில் பூசினாள். பொழுது ஏறி, பம்புசெட்டில் அவன் அரிதாரத்தைக் கழுவியபோதுதான் வினை வந்தது.

“இவன் வல்லம் காலனி முருகையன் இல்ல?” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

கூத்து வாத்தியார் சுப்பராயலு மறுக்கவில்லை. திண்டிவனத்தில் இரவுப் பள்ளி வைத்துக் காலனிப் பிள்ளைகளுக்கு எழுத்தோடு கூத்தும் கற்றுக்கொடுப்பவர் அவர். மேளம் அடிக்க மட்டும் அவர்களைக் கூப்பிடும் ஊர்களில் ராஜா வேஷத்தில் நிறுத்திக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டிருந்தார்.

“கிரீடம் வெச்சா அவன் அர்ச்சுனங்க. நீங்கதான கால்ல வுழுந்தீங்க?” என்று கேட்டார். கன்னத்தில் ஓர் அறைதான் பதிலாகக் கிடைத்தது. முருகையனை இழுத்துப்போய்க் கோயிலுக்கு வெளியே வெயிலில் நிறுத்தினார்கள்.

பழத்தையெல்லாம் திரும்ப வாங்கி ஏரியில் கொட்ட வேண்டும், தின்ற வீட்டை ஊர் தள்ளி வைக்கும் என்றார் நாட்டாமை தேவநாதன். சரி, தீட்டுப் பழத்தை யார் தொடுவது? அதற்கும் காலனி ஆள்தான் வேண்டியிருந்தது. ஊருக்குத் தண்டோரா போடும் பச்சைமுத்துவிடம் கூடையைக் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள்.

கூடை அடுத்த வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

“போட்டுட்டுத் தலைக்கு ஊத்திக்கினு வா. இல்லன்னா ஒங்கம்மா வூட்டுக்குப் போயிக்கினே இரு” என்றான் சீனுவாசன்.

போட்டால் தை மாதம் இன்னொருத்தி வருவாள். போடாவிட்டால் இப்போதே தெரு. கிருஷ்ணவேணிக்கு நிலைகொள்ளவில்லை. மரத்து உச்சியிலிருந்து அவளைப் பார்த்துத்தான் முருகையன் எறிந்தான். “புடிச்சுக்கோ தாயி” என்றான். இந்த வீட்டில் அவளை மலடி என்று கூப்பிட்டிருக்கிறார்களே தவிர, ஒருநாளும் தாயி என்று கூப்பிட்டதில்லை. அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

முடிச்சை அவிழ்த்தாள். பழத்தைக் கடித்தாள். தோலும் விதையுமாக அவர்கள் கண்ணெதிரிலேயே மென்று விழுங்கினாள்.

“அடிப்பாவி!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் வெள்ளையம்மாள்.

“எங்கம்மா வூட்டுக்குத்தான போவணும்? போறேன்” என்றாள் கிருஷ்ணவேணி புருஷனைப் பார்த்து. “போற வழியில திண்டிவனம் ஆஸ்பத்திரில எறங்கி என்னக் காட்டிக்கினு போறேன். நீங்களும் வர்றீங்களா?”

சீனுவாசன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பச்சைமுத்து வாசலுக்கு வந்து எட்ட நின்றான். “பழம் இருந்தா போடுங்கம்மா.”

“தின்னுட்டேன்னு போய்ச் சொல்லு.”

அவன் கூடையைச் சாய்த்துக் காட்டினான். ஒரு பழம்கூட இல்லை.

“எல்லா வூட்லயும் இதத்தாம்மா சொல்றாங்க. நாட்டாமை மருமவளும் தின்னுட்டாங்களாம். முருகையனையும் வாத்தியாரையும் பஸ் ஏத்தி வுட்டுட்டாங்க. இந்த வருசம் தபசே நடக்கலன்னு சொல்லிடணுமாம்.”

வெள்ளையம்மாளின் முகத்தில் ரத்தம் திரும்பியது. நாட்டாமை வீடே தின்றிருந்தால் யார் யாரைத் தள்ளி வைப்பது? “சரி வுடு, வெளிய சொல்லாத. அம்மன் குடுத்ததுன்னு நெனச்சுக்க. உள்ள வா” என்றாள் மருமகளிடம் தணிந்த குரலில்.

கிருஷ்ணவேணி நகரவில்லை. “அத்தே, இந்தப் பழத்தால ஒரு புள்ள பொறந்தா மடியில வாங்குவீங்களா? இல்ல, காலனில கொண்டுபோய் வுட்டுட்டு வருவீங்களா?”

வெள்ளையம்மாள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“ஆம்பளப் புள்ளயா பொறக்கட்டும், பாத்துக்கலாம்” என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான் கிருஷ்ணவேணிக்குப் பல் கூசியது.