காரணம் எழுதும் கட்டம்

திரையில் பதினான்காம் எண் சிவப்பானபோது வீபா வாயில் ரொட்டியோடு எழுந்து நின்றான். மணி ஒன்பது பத்து. பங்குச் சந்தை திறந்து பத்தே நிமிடம்.

எங்கள் கம்பெனியில் மனிதர்கள் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. கம்பெனியின் சொந்தப் பணத்தைப் போட்டுக் கணினிகளே வாங்கி விற்கின்றன. அதற்கான ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் எண் உண்டு. உள்ளே என்ன சூத்திரம் ஓடுகிறது என்பது எழுதியவனுக்கும் முதலாளி லோடவைக்குக்கும் மட்டுமே தெரியும். எனக்குத் தெரிவதெல்லாம் எண்ணும் அதன் லாப நஷ்டமும்தான். நஷ்டம் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தொட்டால் பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும், அதுதான் என் உத்தியோகம். இந்த ஆம்ஸ்டர்டாமில் முதலாளியை நீ, வா, போ என்று கூப்பிடலாம். பக்கத்து மேஜைக்காரன் என்ன செய்கிறான் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பதினோரு வருடமாக வீபா என் பக்கத்து மேஜைக்காரன். அவனுடைய கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். அவன் மூளையில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"ஹிஸ்கா, அதுல கை வைக்காத."

"எல்லைக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. தொட்டா அழுத்திருவேன்."

"அழுத்துனா அப்பதான் நெசமாவே செத்தோம்."

"ஏன்? காரணம் சொல்லு."

"சொல்லக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"அப்ப நான் என் வேலையப் பாக்குறேன்."

வீபா சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு என் காதருகே குனிந்தான். வேர்க்கடலை வெண்ணெய் வாசம் அடித்தது.

"முப்பத்தொண்ணப் பாரு. ரெண்டும் நான் எழுதுனதுதான். ஒரே வேலையோட ரெண்டு பாதி. இது இங்க விடுறத அது அங்க பிடிக்குது. யாருக்கும் புரிஞ்சிரக் கூடாதுன்னு லோடவைக்தான் ரெண்டா வெட்டிப் போடச் சொன்னான். ஒரு பாதிய நிறுத்துனா இன்னொரு பாதி அம்மணமா நிக்கும்."

முப்பத்தொன்று திரையின் வேறொரு பக்கத்தில் இருந்தது. திறந்தேன். பதினான்கு விட்டதையெல்லாம் அது அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் இந்த இரண்டையும் தனித்தனியாகக் காவல் காத்திருக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்புதான் வந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன். பதினான்கு எல்லையைத் தாண்டிப் போனது, அரைமணி நேரத்தில் ஒழுங்காகத் திரும்பியும் வந்தது. ஒரு காசு சேதமில்லை.

ஆனால் எல்லையைத் தாண்டியும் நான் அழுத்தவில்லையே. அதற்கென்று திரையில் ஒரு கட்டம் தானாகத் திறக்கும். ஏன் அழுத்தவில்லை என்று ஒரு மணி நேரத்துக்குள் எழுத வேண்டும். மழுப்பலாக எழுதியதற்காக ஏற்கெனவே இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவள் நான். மூன்றாவது கடிதம் என்று ஒன்று கிடையாது. நேராக வாசல்தான்.

"'எழுதுனவர்கிட்ட பேசினேன், திருப்தி'ன்னு போட்டு முடிச்சிரு," என்றான் வீபா.

"அப்படி எழுதித்தானே ரெண்டு தடவ வாங்கிக் கட்டிக்கிட்டேன்?"

"இந்த ஒரு தடவ, ஹிஸ்கா. எனக்காக."

அவன் சொன்ன வாக்கியத்தைத்தான் முதலில் அடித்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினேன். இரண்டு எண்களும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்று வீபா என்னிடம் சொன்னார், அதனால் அழுத்தவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நேர்மையில் ஒரு தனிப் பெருமை உண்டு. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம் என்று மார்தட்டுவோம். நான் எழுதியதும் நேர்மைதான் என்று பிற்பாடு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். பச்சைப் பொய். பயந்துபோய் எழுதினேன்.

பதினொரு மணிக்கு லோடவைக் தன் அறைக்குக் கூப்பிட்டான். மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

"அழுத்தாம விட்டியே, பிரமாதம். அழுத்தியிருந்தா கம்பெனியே ஆட்டம் கண்டிருக்கும்."

"வீபா சொன்னதாலதான்."

"அவன் சொல்லியிருக்கக் கூடாது. இன்னையோட அனுப்பிடுறோம்."

"அவன் சொல்லலன்னா நான் அழுத்தியிருப்பேனே!"

"அழுத்தியிருக்கணும். விதி அதுதான்."

"இப்பத்தான அழுத்தாதது பிரமாதம்னே?"

"அது வேற, இது வேற, ஹிஸ்கா." மேலுதட்டில் ஒட்டியிருந்த மோரைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வீபாவின் மேஜையருகே இரண்டு காவலாளிகள் நின்றார்கள். கணினியைத் தொட விடவில்லை. சாப்பாட்டு டப்பாவையும் கோட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டான். எங்கள் தொழிலில் வேலையை விட்டுப் போகிறவனுக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுத்து வீட்டில் உட்கார வைப்பார்கள், தலைக்குள் இருக்கும் சூத்திரம் பழசாகட்டும் என்று. ரகசியத்தை மீறியவனுக்கும் அதே ஒரு வருடம்தான், வேறெங்கும் வேலை பார்க்கக் கூடாது. சம்பளம் மட்டும் கிடையாது.

"முழுசா எழுதிட்டியா?" என்றான்.

"ஆமா."

"ரெண்டு எண்ணையும் போட்டியா?"

"போட்டேன்."

"நல்லா இரு."

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தால், பதினான்கும் முப்பத்தொன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அடியில் இரண்டின் கூட்டுத்தொகை. லோடவைக்கின் ஏற்பாடாம், இனி இப்படிக் குழப்பம் வரக்கூடாதாம். வீபா என் காதில் சொன்னது இப்போது எங்கள் பிரிவின் ஏழு பேர் திரையிலும் நாள் முழுக்க ஓடுகிறது. அதற்காக யாரையும் அனுப்பவில்லை.

நான்கு முறை போன் செய்தேன், அவன் எடுக்கவில்லை. சனிக்கிழமை ரயிலேறி அவன் வீடு இருக்கும் ஹார்லெமுக்குப் போனேன். தெருப் பக்கத்துப் பெரிய ஜன்னல் வழியாகவே அவன் தெரிந்தான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். மணியடித்தேன். அவன் மனைவி லீனகா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"கம்பெனி ஆளுங்க யாரோடயும் பேசக்கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு."

"நான் கம்பெனி ஆளா வரல, லீனகா."

"அப்ப என்னவா வந்த?"

அவள் சிறிது நேரம் காத்திருந்தாள், நியாயமாகத்தான் காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

தூறல் விழுந்தது. நான் நடைபாதையிலேயே நின்றேன். வீபா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். எங்கள் ஊர் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான், அந்த ஜன்னலிலும் இழுத்து மூடத் திரை இல்லை. அவன் செய்தித்தாளை மடித்து வைத்தான். எழுந்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையின் இந்தப் பக்கம் வந்தான். தெருவுக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான், செய்தித்தாளை மறுபடி விரித்தான். வெகுநேரமாகியும் பக்கத்தைப் புரட்டவே இல்லை.