ஹலீமாவின் மாடி வெயில்

"ஆயி, நமக்கு அரிக்கிற மாதிரி நிலத்துக்கும் அரிக்குமா?"

எட்டு வயது மகள் சகு இப்படிக் கேட்டபோது ஷேவந்தா கரும்பு வயல் வரப்பில் குந்தி இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தாள். பிள்ளை கேட்டதில் தப்பில்லை. வயலில் வட்டம் வட்டமாக உப்புப் பூத்திருந்தது. வட்டத்துக்குள் புல்கூட இல்லை. ஓரத்தில் கரும்பு மஞ்சளாக நின்றது. அவள் இடுப்பில் படர்தாமரையும் அப்படித்தான் ஓரம் சிவந்து பரவியிருந்தது.

"போடி, போய் ஆட்டைப் பிடிச்சுக் கட்டு" என்றாள்.

மூன்று வருடங்களாகச் சாராய ஆலையின் கழிவுநீர் உரமென்று டேங்கர் லாரியில் இலவசமாக வந்துகொண்டிருந்தது. வெல்லப்பாகு வாசமும் புளித்த நாற்றமும் சேர்ந்த கருந்தண்ணீர். முதல் வருடம் கரும்பு மூங்கிலைப் போல வந்தது. பல மடங்கு நல்ல தண்ணீர் கலந்துதான் பாய்ச்ச வேண்டும் என்று விவசாய அதிகாரி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கலந்தால் சத்துப் போய்விடும் என்று நினைத்தான் ஷேவந்தாவின் கணவன் சோபான். கூடுதலாக ஒரு லாரி கொட்டச் சொல்லி டிரைவருக்குக் கூடை நிறையக் கத்தரிக்காய் கொடுத்தான்.

"துளசி மாலை போட்ட சோபான் ஒரு சொட்டு தொட மாட்டான். அவன் வயல் மட்டும் லாரி லாரியா குடிக்குதப்பா!" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

இரண்டாம் வருடம் மண் இறுகியது. மூன்றாம் வருடம் மழைத்தண்ணீர்கூட உள்ளே இறங்காமல் தேங்கி நின்றது. அந்த ஈரத்திலேயே நாளெல்லாம் வேலை. கழிவு ஊறி, அடுத்த பள்ளத்து வயலில் இருந்த பக்கத்து வீட்டு ஹலீமாவின் கிணறும் தேநீர் நிறமாகிவிட்டது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடி அடிபம்புக்கு நடந்தாள். வழியில் ஷேவந்தாவைக் கண்டால் எப்போதும் போல "சாப்ட்டியாடி?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விதான் ஷேவந்தாவைத் தூங்கவிடாமல் செய்தது.

ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் நடந்துபோகும் ஊர்க் கூட்டத்துக்குச் சோள ரொட்டி தட்டுவது ஷேவந்தாவின் பொறுப்பு. போன வருடம் அவள் போகவில்லை. கூடாரத்தில் பெண்கள் ஒரே கம்பளத்தில் நெருக்கிப் படுப்பார்கள்.

"சாமியப் பாக்கப் போற வழியில நாலு பேருக்கு இதை ஒட்ட வெச்சிட்டுப் போகணுமா? ஆறலைன்னா இந்த வருஷமும் நான் வரல" என்று சோபானிடம் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவன் பார்த்தான்.

மருந்துக்கடையில் வாங்கிய களிம்பு அரிப்பைச் சில நாள் அடக்கியது. பிறகு படை முன்னைவிட அகலமாகப் பரவியது. சுகாதார நிலைய டாக்டரம்மா அந்த டியூபைப் பார்த்ததும் குப்பைத்தொட்டியில் போட்டார்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்மா. அரிப்பு தூங்கிடும், பூஞ்சை முழிச்சிருக்கும். நான் தர்றதை வீட்ல எல்லாரும் ஒண்ணா போடணும். மறைஞ்ச பிறகும் நிறுத்தக் கூடாது. துணியெல்லாம் நல்ல வெயில்ல காயணும்."

"அந்தக் கருந்தண்ணியாலயா டாக்டரம்மா?"

"அதுல இந்தப் பூஞ்சை வராது. ஆனா நாள் முழுக்க ஈரத்துல நின்னா, பூஞ்சைக்கு நீங்களே பாய் விரிச்சுக் குடுத்த மாதிரி."

சோபானுக்கு ஆறியது, சகுவுக்கும் ஆறியது. ஷேவந்தாவுக்கு மட்டும் குறைவதும் திரும்புவதுமாக இருந்தது. ஒருநாள் உறைமோர் கேட்டு வந்த ஹலீமா, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கொடியில் ஒரு பழைய சேலை தொங்கியது. அதைத் தூக்கினாள். அடியில் ஷேவந்தாவின் உள்பாவாடையும் உள்ளாடைகளும் நிழலில், தொட்டால் இன்னும் சில்லென்று இருந்தன.

"அய்யோ பாபி, அதை ஏன் தூக்குறீங்க!" ஹலீமாவை அண்ணி முறையில் அப்படித்தான் கூப்பிடுவாள் ஷேவந்தா.

"ஏண்டி, இப்படி ஒளிச்சு வெச்சா சூரியன் குனிஞ்சு உள்ள வந்தா காய வெப்பான்?"

"ஆம்பளைங்க நடக்குற வழி பாபி. வெளிய போட முடியுமா? ஊர்ல யாரு போடுறா?"

ஹலீமா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஷேவந்தா செத்துப்போயிருப்பாள். "எங்க மாடிக்கு வா" என்றாள். அந்த மாடியில், பெண்கள் மறைவாக உட்கார்ந்து வெயில் காய்வதற்காக அவள் மாமனார் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தார். தெருவிலிருந்து ஒன்றும் தெரியாது. மேலே வானம் மட்டும்தான்.

"தினமும் கொண்டு வா. கதவைத் தட்ட வேணாம், நேரா மேல ஏறிப் போ. வாளிய மூடி எடுத்துட்டு வா, கேட்டா மிளகாய் காய வெக்கிறேன்னு சொல்லு."

"பாபி… உங்க கிணறு…" என்று இழுத்தாள் ஷேவந்தா.

"கிணறு எங்கயும் ஓடிப் போகல. முதல்ல பாவாடைய உதறிப் போடு, சுருக்கத்துல வெயில் படாது."

தான் கெடுத்த தண்ணீருக்குப் பதிலாக ஹலீமாவிடமிருந்து கிடைத்தது வெயில். ஆண்டவன் சில வீடுகளில் இப்படித்தான் குடியிருக்கிறான் போலும். ஷேவந்தா தினமும் மூடிய வாளியோடு ஏறினாள். ஹலீமாவின் மாமியார் ஒருநாள், "எத்தனை மூட்டை மிளகாய்டி உங்க வீட்ல?" என்று கேட்டுக் கண்ணடித்தாள்.

யாத்திரைக்குச் சில நாள் முன்பு டாக்டரம்மா பார்த்துவிட்டு, "தழும்புதான் இருக்கு. ஒட்டாது. தைரியமா நடங்க" என்றார். ஷேவந்தா வீடு வரும்வரை வழியெல்லாம் விட்டலன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

புறப்படும் நாளில்தான் அவர்களுக்குக் கால்வாய்த் தண்ணீர் முறையும் வந்தது. நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி, பிறகு தக்கைப்பூண்டு விதைத்துத் தழையுரமாக மடக்கி உழ வேண்டும் என்பது அதிகாரியின் யோசனை. சோபான் தங்கள் வயலுக்கு மடையைத் திறந்துவிட்டு, பல்லக்குத் தூக்க ஓடினான். ஊரே கோயில் வாசலில் இருந்தது. ஹலீமாவும் வீட்டாரோடு அங்கேதான் நின்று, நடப்பவர்களுக்குச் சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ முன்னாடி போ சகு, ஆயி இதோ வந்துடுறேன்."

ஷேவந்தா கால்வாய்க்கு வந்தாள். பள்ளத்தில் ஹலீமாவின் வெங்காய நாற்று நுனி கருகித் துவண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீரை அதற்கு ஊற்ற முடியாது. சேலையைத் தூக்கிச் செருகி, மண்வெட்டியால் தன் வயல் மடையை அடைத்தாள். ஹலீமாவின் வாய்க்காலைத் திறந்தாள். இந்த முறை போனால் அடுத்த முறை வர வெகு நாளாகும் என்று அவளுக்குத் தெரியும். அதுவரை தன் நிலம் உப்போடு கிடக்கும். கிடக்கட்டும். மடை உடைந்து தண்ணீர் பள்ளத்துக்கு ஓடிவிட்டது என்று சோபான் நினைத்துக்கொள்வான். ஹலீமா கால்வாய்க்காரருக்கு நன்றி சொல்வாள்.

தண்ணீர் பாத்தி பாத்தியாக நிறைந்து கடைசி வரிசை நாற்றின் காலைத் தொடும்வரை நின்று பார்த்தாள். பிறகு கைமண்ணைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் முந்தானையால் ஒற்றித் துடைத்தாள். தூரத்தில் தாளம் ஒலித்தது. அந்தத் திசையில் வேகவேகமாக நடந்தாள்.